வாலைப் பிடிங்க சார்!

ஜவுளிக் கடையில் பத்து வருஷம் கால் கடுக்க நின்றவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வருகிறவர் வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார், இவர் புடவை வாங்க வந்தவரா அல்லது ஏ.ஸி. காற்று வாங்க வந்தவரா என்று!

"புடவை காட்டுங்க" என்று பொத்தாம்பொதுவாக உட்காருகிறவருக்கு நாற்பது புடவை பிரித்துப் போட வேண்டும். கடைசியில் "அப்புறமா வர்றோம்" என்று எழுந்து போய்விடுவார். இன்னொரு அம்மாள் வருகிறார். "அரக்குல, சின்ன பார்டர், மூவாயிரத்துக்குள்ள இருக்கணும். சம்பந்தியம்மாவுக்கு வெச்சுக் குடுக்கணும். நாளைக்கே வேணும்!" சேல்ஸ்மேன் முகத்தில் பல்பு எரிகிறது. இந்த அம்மாள் வெறுங்கையோடு படியிறங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

சுருக்கமாகக் கேட்பவர் வேடிக்கை பார்ப்பார், நீளமாகக் கேட்பவர் வாங்குவார். இந்த ஜவுளிக்கடை ஞானத்துக்குத்தான் இன்டர்நெட் விளம்பர உலகத்தில் 'லாங் டெய்ல் கீவேர்ட்' என்று கோட்டு சூட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். தமிழில் சொன்னால், நீள வால் சொற்கள்.

"நமக்கெதுக்கு சார் இந்த வாலும் தலையும்?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் ஆபீஸ் நண்பரே, ஒரு நிமிஷம். உங்கள் செக்ஷனிலேயே யாராவது ஒருத்தர் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் டியூஷன் எடுப்பார், இன்னொருத்தர் மனைவி பெயரில் ஊறுகாய் விற்பார், மூன்றாமவர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு கடை போடலாமா என்று பகல் கனவு காண்பார். அந்த மூன்றாமவர் நீங்களாகக்கூட இருக்கலாம். கடை போட்ட மறு வாரமே ஒரு டிப்டாப் இளைஞர் லேப்டாப்போடு வந்து, "கூகுள்ல விளம்பரம் போடலாமா சார்?" என்று கேட்பார். அவரிடம் செக் நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு சொல்லுக்கு ஏலம்

முதலில் இந்தக் கடைத்தெரு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் கூகுளில் எதையாவது தேடும்போது, மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சின்ன எழுத்தோடு சில வரிகள் வருகின்றன அல்லவா? அவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். மாத வாடகை கிடையாது. நீங்கள் 'என்ட்டர்' தட்டிய அந்தக் கணத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. காசிமேட்டு மீன் ஏலம் மாதிரிதான். கூச்சல் இல்லை, நாற்றம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விளம்பரம் வெறுமனே கண்ணில் பட்டால் காசு இல்லை. அதை யாராவது அமுக்கினால்தான் காசு. அதனால்தான் இதற்கு 'பே-பர்-க்ளிக்' என்று பெயர்.

இந்த யோசனையைப் பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்காவின் பில் கிராஸ். 1998-ல் 'கோடூ டாட் காம்' என்ற தேடல் தளத்தைத் தொடங்கி, தேடும் சொற்களை ஏலம் விட்டார். அங்கே யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு முதல் இடம். பணமுள்ளவன் பந்தியில் முந்திக்கொள்ளும் ஏற்பாடு. அந்தக் கம்பெனி 2001-ல் 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003-ல் யாஹூ அதை வாங்கிக்கொண்டது.

கூகுள் 2000-ம் வருஷம் அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' என்று விளம்பரக் கடை திறந்தது. (2018 முதல் அதற்குப் பெயர் 'கூகுள் ஆட்ஸ்'.) 2002-ல் அவர்களும் க்ளிக் ஏலத்துக்கு வந்தார்கள். ஆனால் அதில் ஒரு சின்னத் திருகு வைத்தார்கள். ஏலத் தொகையை மட்டும் பார்க்காமல், விளம்பரம் தேடுகிறவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் சேர்த்துப் பெருக்கினார்கள். ஏழை வியாபாரிக்குக் கதவு திறந்தது அந்தப் பெருக்கல் குறியில்தான்!

புரிவதற்காக ஒரு சுருக்கக் கணக்கு. பெரிய கம்பெனி ஒரு க்ளிக்குக்கு 20 ரூபாய் தரத் தயார். ஆனால் அதன் விளம்பரம் எல்லோருக்கும் பொதுவாக எழுதியது. பொருத்தத்துக்கு 3 மார்க். 20-ஐ 3-ஆல் பெருக்கினால் 60. நீங்கள் தரத் தயாரோ 10 ரூபாய்தான். ஆனால் தேடியவர் என்ன கேட்டாரோ அதையே உங்கள் விளம்பரம் சொல்கிறது. 8 மார்க். 10-ஐ 8-ஆல் பெருக்கினால் 80. மேலே நிற்பது நீங்கள்! அதோடு, 10 ரூபாயும் கொடுக்க வேண்டாம். கீழே நிற்பவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தால் போதும். 60-ஐ 8-ஆல் வகுத்தால் ஏழரை ரூபாய். அதற்குமேல் ஒரு சில்லறை. ஏழரை என்றதும் சனீஸ்வரனை நினைத்து நடுங்க வேண்டாம், இது நல்ல ஏழரை!

இன்றைய நிஜக் கணக்கில் இன்னும் பல சங்கதிகள் சேர்கின்றன. தேடுகிறவர் இருக்கும் இடம், நேரம், கையில் வைத்திருப்பது போனா கம்ப்யூட்டரா, க்ளிக் செய்தபின் திறக்கும் பக்கம் உருப்படியா என்பதெல்லாம் உண்டு. ஆனால் அடிப்படை மாறவில்லை. பொருத்தம் கூடினால் செலவு குறையும்.

தலையும் வாலும்

'நீள வால்' என்ற பெயர் பிரபலமானது 2004-ல். 'வயர்ட்' பத்திரிகை ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முக்கியமாகப் பேசியது புத்தகம், பாட்டு, சினிமா பற்றி. சூப்பர் ஹிட் ஆனவை கொஞ்சம்தான், அவை தலை. எங்கோ ஒருத்தர், எப்போதோ ஒருத்தர் வாங்குகிறவை லட்சக்கணக்கில் இருக்கின்றன, அவை வால். இடம் அடைக்காத இன்டர்நெட் கடையில் வாலும் சேர்ந்து பெரிய வியாபாரம் ஆகிவிடும் என்றார்.

தேடும் சொற்களும் அப்படித்தான். 'டியூஷன்' என்பது தலை. ஊரெல்லாம் தட்டும், ஏலத்தில் ஆனைகள் மோதும். 'பிளஸ் டூ அக்கவுண்டன்ஸி டியூஷன் குரோம்பேட்டை சனி ஞாயிறு' என்பது வால். நாளைக்கு ஒருத்தர் தட்டினாலே அதிகம். ஆனால் அந்த ஒருத்தர் யார்? பையன் ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுத்த அப்பா! அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை.

லங்கையை எரித்தது அனுமாரின் எந்த அங்கம் என்று யோசித்துப் பாருங்கள். தலை இல்லை சார், வால்!

கிரைண்டர் என்றால் எந்தக் கிரைண்டர்?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், ஒரு கறிக்கு உதவிய சுரைக்காய் பற்றிச் சொல்கிறேன்.

என் கல்லூரித் தோழன் ஒருத்தன், மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தாம்பரம் பக்கம் வெட் கிரைண்டர் ரிப்பேர் கடை போட்டான். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் கடை மெயின் ரோட்டில் இல்லை, உள்ளே மூன்றாவது சந்து. கூகுள் விளம்பரம் பார்த்துக்கொடுக்கிற ஏஜென்ஸிக்காரர் ஒருத்தர் வந்து சேர்ந்தார். தினம் 500 ரூபாய் விளம்பரம், மாதம் 5,000 அவர் சம்பளம் என்று பேச்சு. முதல் மாதச் செலவுக்கு நண்பனின் மனைவி கையிலிருந்த வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. கலர் கலராகப் படம்.

"எண்பதாயிரம் இம்ப்ரெஷன் சார்!"

"அப்படின்னா?"

"எண்பதாயிரம் தடவை உங்க விளம்பரம் ஸ்க்ரீன்ல வந்திருக்கு. ஆயிரம் பேர் க்ளிக் பண்ணியிருக்காங்க!"

"அஞ்சு பேர்தானே கிரைண்டரைத் தூக்கிட்டு வந்தாங்க?"

"அது பிராண்ட் பில்டிங் சார்... போகப் போகத் தெரியும்!"

போகப் போகத் தெரிந்தது வட்டிதான். நண்பன் எனக்குப் போன் செய்தான். "டேய், உன் பி.காம். மூளையைக் கொஞ்சம் கடன் குடுடா. வீட்ல முகத்தைப் பார்க்க முடியலை."

போய் உட்கார்ந்தேன். கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் 'சர்ச் டெர்ம்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. மக்கள் உண்மையில் என்ன தட்டியபோது நம் விளம்பரம் வந்தது என்று அதில் பார்க்கலாம். (எல்லாச் சொற்களும் அதில் வராது. 2020-ல் கூகுள் அதைக் குறைத்துவிட்டது. அரிதாகத் தேடப்படுகிறவை பல மறைந்துபோயின. இருக்கிறவரைக்கும் லாபம்.) ஏஜென்ஸிக்காரர் போட்டிருந்த கீவேர்ட் மொத்தம் இரண்டே இரண்டு: 'கிரைண்டர்', 'வெட் கிரைண்டர்'.

பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றியது. வெல்டிங் பட்டறைக்காரர்கள் 'ஆங்கிள் கிரைண்டர்' தேடி வந்திருந்தார்கள். யாரோ 'காபி கிரைண்டர்' தேடியிருந்தார். 'புது கிரைண்டர் விலை', 'எந்தக் கம்பெனி கிரைண்டர் நல்லது', 'கிரைண்டர் படம்' என்று ஒரு கூட்டம். 'இலவச கிரைண்டர் எப்படி அப்ளை பண்றது' என்று இன்னொரு கூட்டம். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தின் ஞாபகம் இன்னும் மக்களுக்குப் போகவில்லை! இத்தனை பேரும் க்ளிக் செய்திருந்தார்கள். ஒவ்வொரு க்ளிக்குக்கும் நண்பன் தண்டம் அழுதிருந்தான்.

என் பி.காம். மூளை கால்குலேட்டரைத் தட்டியது. 15,000 ரூபாய், ஆயிரம் க்ளிக். ஆக, க்ளிக்குக்கு 15 ரூபாய். வேலை கிடைத்தது 5. அதாவது 200 க்ளிக்குக்கு ஒன்று. ஒரு வேலையில் சாமான் செலவு போக அவனுக்கு நிற்பது சராசரி 350 ரூபாய். 350-ஐ 200-ஆல் வகுத்தால்?

1 ரூபாய் 75 பைசா!

'கிரைண்டர்' என்ற சொல் அவனுக்குப் பெறுமானம் ஒன்றே முக்கால் ரூபாய். அதைப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தான். இதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஏஜென்ஸிக்காரர் சம்பளம் வேறு. எந்த வியாபாரி கத்திரிக்காயை இப்படிக் கொள்முதல் செய்வான்?

ரிப்பேர் நோட்டு பேசியது

"சரி, வேற என்ன வார்த்தை போடறது?" என்றான்.

"உன் கஸ்டமர் என்ன சொல்லிக் கூப்பிடறாங்களோ, அதை."

மேஜை டிராயரிலிருந்து ரிப்பேர் நோட்டை எடுத்துக் காட்டினான். 'பெல்ட் ரீப்ளேஸ்மென்ட்', 'கப்பாசிட்டர் ஃபெயிலியர்', 'பேரிங் சேஞ்ச்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான்.

"இதெல்லாம் நீ சொல்றதுடா. அவங்க சொல்றது?"

யோசித்தான். "கப்பாசிட்டர்னு எந்த அம்மா சொல்லுவாங்க? 'தம்பி, சுவிட்ச் போட்டா ஊம்ம்னு சத்தம் மட்டும் வருது, ஓட மாட்டேங்குது'ம்பாங்க."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வைத்தியர் சொல்லும் பெயர் வேறு, நோயாளி சொல்லும் வலி வேறு. கூகுளில் தட்டுகிறவர் நோயாளி. அவருக்கு வியாதியின் பெயர் தெரியாது, வலிதான் தெரியும். பெயர் தெரியாததால்தான் நீளமாகத் தட்டுகிறார்!

இரண்டு வாரம் நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டோம். போனில் யார் கூப்பிட்டாலும், அவர்கள் சொன்னதை அப்படியே, கொச்சையோடு எழுத வேண்டும். எழுதினான்.

'மோட்டார் ஓடுது, கல்லு சுத்தலை.' (பெல்ட் போயிருக்கும்.)

'மாவு நைசா வரலை, ரவை ரவையா இருக்கு.' (கல் தேய்ந்திருக்கும்.)

'தொட்டா ஷாக் அடிக்குது.' (உடனே ஓட வேண்டிய வேலை.)

'நாளைக்கு வீட்ல விசேஷம், இன்னிக்கே வந்து பார்க்க முடியுமா?'

'கவர்மென்ட் குடுத்த கிரைண்டருக்கு பெல்ட் கிடைக்குமா?'

கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'இலவச கிரைண்டர்' என்று தேடுகிறவர்களை மொத்தமாகத் தடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். விளம்பரக் கணக்கில் 'நெகட்டிவ் கீவேர்ட்' என்று ஒரு வசதி உண்டு. இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று உத்தரவு போடுவது. 'ஆங்கிள்', 'காபி', 'படம்' எல்லாவற்றையும் அதில் தள்ளினோம். ஆனால் 'இலவச' என்ற சொல்லைத் தள்ளியிருந்தால், 'இலவச கிரைண்டர் பெல்ட் மாத்தணும்' என்று தேடும் நிஜ வாடிக்கையாளரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம். அதனால் 'அப்ளை', 'எப்போ தருவாங்க' போன்ற சொற்களை மட்டும் தடுத்தோம். ஒரே சொல், ஒரு வாக்கியத்தில் தண்டச் செலவு, இன்னொரு வாக்கியத்தில் லட்சுமி!

பிறகு புகார் வாரியாக ஐந்து கட்டு. கல் சுற்றாதது ஒரு கட்டு, சத்தம் வந்து ஓடாதது ஒரு கட்டு, ஷாக் ஒரு கட்டு, கல் தேய்மானம் ஒரு கட்டு, பெல்ட் ஒரு கட்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விளம்பரம். 'மோட்டார் ஓடியும் கல் சுற்றவில்லையா? தாம்பரம், குரோம்பேட்டையில் வீட்டுக்கே வந்து பார்க்கிறோம்' என்று நேரடியாக எழுதினோம். க்ளிக் செய்தால் திறக்கும் பக்கத்திலும் முதல் வரி அதே வரி. கீழே போன் நம்பர். ஊர் எல்லையைச் சுருக்கினோம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் விளம்பரம் தூங்கும்படி செய்தோம். போனை எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் எதற்கு?

அடுத்த மாதக் கணக்கு: செலவு 2,400 ரூபாய். க்ளிக் வெறும் 200. வேலை 22.

இதில் ஒரு வேடிக்கை. க்ளிக் விலை 15-லிருந்து 12-க்குத்தான் இறங்கியிருந்தது. 'நீள வால் சொல் என்றால் கொள்ளை மலிவு' என்று சொல்வார்களே, அதில் பாதிதான் நிஜம். போட்டி குறைவான சொல் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், அதற்குமேல் உத்தரவாதம் கிடையாது. லாபம் வந்தது வேறு இடத்திலிருந்து. முன்பு 200 க்ளிக்குக்கு ஒரு வேலை. இப்போது 9 க்ளிக்குக்கு ஒரு வேலை! 22 வேலைக்கு 7,700 ரூபாய் நின்றது. விளம்பரச் செலவும் வரியும் போகக் கையில் நாலாயிரத்துச் சொச்சம். போயஸ் கார்டனில் பங்களா வாங்க முடியாது. ஆனால் அடகுக் கடை வட்டி தவறவில்லை. மூன்றாவது மாதம் ஒரு வளையல் திரும்பி வந்தது. இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது என்று கேள்வி.

வாலில் தீ வைக்கும்போது...

அனுமார் அடுத்தவன் ஊரைத்தான் எரித்தார். நாம் சொந்தக் கூரையைக் கொளுத்திக்கொள்ளாமல் இருக்கச் சில எச்சரிக்கைகள்.

ஒன்று: வால் கிடைத்தது என்று முழம் முழமாக நீட்டாதீர்கள். பத்துச் சொல் சேர்த்து ஒரு வாக்கியத்தையே கீவேர்டாகப் போட்டால், 'தேடுவோர் மிகக் குறைவு' என்று கூகுள் அதைத் தூங்கப் போட்டுவிடும். தினமும் தங்களிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்குமுன் வந்தே இராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மனிதன் வாயிலிருந்து வரும் எல்லா வாக்கியத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்க உங்களால் ஆகாது, சித்ரகுப்தனாலும் ஆகாது. வலியின் நடுக்கணுவான மூன்று, நாலு சொற்களைப் பிடித்தால் போதும்.

இரண்டு: சொல்லை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பது முக்கியம். வெறுமனே தட்டினால் அது 'பிராட் மேட்ச்'. சம்பந்தம் இருப்பதாகக் கூகுள் நினைப்பதற்கெல்லாம் விளம்பரம் போகும். மேற்கோள் குறிக்குள் போட்டால் 'ஃப்ரேஸ் மேட்ச்', அந்தப் பொருள் அடங்கிய தேடல்கள் மட்டும். சதுர அடைப்புக்குறி போட்டால் 'எக்ஸாக்ட் மேட்ச்', அதே பொருள் கொண்டவை மட்டும். 'அதே சொல்' என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? இப்போதெல்லாம் எக்ஸாக்ட்டிலும் கூகுள் பொருளைத்தான் பார்க்கிறது, எழுத்தை அல்ல. அதனால் ஒரே சங்கதியை நூறு விதமாக எழுதிப் பட்டியல் நீட்டும் பழைய வித்தைக்கு அவசியம் குறைந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசோடு ஆரம்பிப்பவர்கள் ஃப்ரேஸும் எக்ஸாக்ட்டும் வைத்துத் தொடங்குவது பத்திரம்.

மூன்று: தடைச் சொற்களில் மட்டும் கூகுளுக்கு இந்தப் 'பொருள் புரிகிற' புத்தி கிடையாது. 'ஃப்ரீ' என்று தடுத்தால் 'இலவசம்' தாராளமாக உள்ளே வரும். தமிழ், இங்கிலீஷ், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் என்று மூன்று அவதாரத்தையும் தனித்தனியே தடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை பட்டியலைப் பார்த்துக் களை எடுக்க வேண்டும். பயிர் வைப்பதைவிடக் களை எடுப்பதில்தான் காசு மிச்சம்.

நான்கு: தினம் 100 ரூபாய் என்று போட்டால் 100-தான் போகும் என்று நம்ப வேண்டாம். ஏதாவது ஒரு நாள் அது 200 வரை போகலாம். மாத மொத்தம்தான் எல்லைக்குள் இருக்கும். நூறை 30.4-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொகையைத் தீர்மானியுங்கள். ஊர் விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. 'இந்த ஊரில் இருப்பவர்' என்பதோடு, 'இந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்' என்பதும் தானாகச் சேர்ந்துகொள்ளும். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு தாம்பரத்தில் ஆர்வம் காட்டுகிறவருக்கு பெல்ட் மாற்ற முடியுமா? 'இருப்பவர் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

ஐந்து: உங்கள் பொருளே இதுவரை யாரும் கேள்விப்படாத புதுப் பொருள் என்றால் வாலும் இல்லை, தலையும் இல்லை. தேடாத பொருளுக்குத் தேடல் விளம்பரம் போட்டுப் பயன் கிடையாது. அதற்கு நோட்டீஸ், போஸ்டர், வாய்ப்பேச்சு என்று வேறு வழி பாருங்கள். உள்ளூர்க் கடை வைத்திருப்பவர் முதலில் கூகுள் மேப்பில் தன் கடையை இலவசமாகப் பதிவு செய்துகொள்ளட்டும். பைசா செலவில்லாத காரியத்தை விட்டுவிட்டுக் காசு கொடுக்கும் காரியத்தில் இறங்குவானேன்?

அந்த டிப்டாப் இளைஞரிடம் கேளுங்கள்

இந்தத் தொழிலில் நாணயமாக, கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்ள மூன்று கேள்வி போதும்.

"போன மாதம் என் விளம்பரத்தை அமுக்கினவங்க என்னென்ன தட்டினாங்க? அந்தப் பட்டியலைக் காட்டுங்க."

"எந்தெந்தச் சொல்லைத் தடுத்து வெச்சிருக்கீங்க?"

"எத்தனை பேர் பார்த்தாங்கன்னு வேண்டாம். எத்தனை பேர் போன் பண்ணினாங்க? ஒரு போனுக்கு எனக்கு எவ்வளவு விழுந்தது?"

நல்லவர் உடனே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். மற்றவர் 'பிராண்ட் பில்டிங்' என்று ஆரம்பிப்பார். காபி வாங்கிக் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள்.

"எனக்குக் கடை இல்லையே சார், ஆபீஸ்தானே?" என்பவருக்கும் ஒன்று. உங்கள் வேலையிலும் உங்களிடம் ஏதோ கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஃபைலில் எழுதும் வார்த்தை வேறு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்லும் வார்த்தை வேறு. ஒரு வாரம் அந்த இரண்டாவது வார்த்தையை அப்படியே குறித்துப் பாருங்கள். நாளைக்கே வேலையை விட்டுக் கடை போடுகிறீர்களோ இல்லையோ, என்ன கடை போட்டால் ஓடும் என்று அந்த நோட்டு சொல்லிவிடும்.

பெரிய கம்பெனிக்குப் பெரிய பை இருக்கிறது. ஒற்றைச் சொல்லை ஏலத்தில் எடுத்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது சந்தில் கடை வைத்திருப்பவனுக்குக் காது இருக்கிறது. காதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது!